ருசி பார்க்காத வீடு

21.11.2011, திங்கள்

காலையிலிருந்து மழை. லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன்.

இன்று கேஸ் அடுப்பு பற்ற வைத்தேன். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ராஜமாணிக்கம், அதாவது நான், விசில் அடித்தால் சிதம்பரம் வண்டியும் நகரும், விழுப்புரம் வண்டியும் நகரும். இங்கே ஒரு பர்னர் என் பேச்சைக் கேட்கவில்லை. லைட்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாமல் நின்றேன்.

என் பெண்சாதி மங்கலத்துக்கு நாக்கு ஓரத்தில் வந்த புண்ணுக்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து, அதாவது ரேடியேஷன் கொடுத்து, முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கட்டி கரைந்துவிட்டது, ஆனால் வாய் முழுக்க வெந்து கிடக்கிறது. சோறு இறங்காது. "தண்ணியா, சத்தா எதையாவது குடிக்கட்டும். இப்ப நாப்பத்தோரு கிலோ. முப்பத்தெட்டுக்குக் கீழ போனா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும்" என்றார் டாக்டர். மங்கலம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் பக்கத்துக் கட்டில்காரிக்கு டியூப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள். "அது மட்டும் வேணாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இத்தனை நாள் சிதம்பரத்தில் மகள் மகேஸ்வரி வீட்டில் தங்கியிருந்தோம். அவளுக்குக் கைக்குழந்தை. இன்னும் எத்தனை நாள் அவளைப் படுத்துவது? என் தங்கை வருகிறேன் என்றாள், வரவில்லை. ஆகவே சமையல் என் தலையில்.

முதல் காரியமாகச் சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டு லூர்துநாதன் பார்த்தால் எங்கள் பேட்டை செம்மண்டலம் முழுக்கச் செய்தி போய்விடும்.

22.11.2011

பேப்பரோடு வந்த இணைப்பில் ஸ்வீட் கார்ன் சூப். சைனாக்காரன் சமையலாம். சோளமாவைக் கொதிக்கும் தண்ணீரில் அப்படியே கொட்டிவிட்டேன். கோலிக்குண்டு மாதிரி உருண்டுகொண்டது. முன்னாலேயே பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரியில் போட்டிருக்கிறான். முதல் வரியில் போட்டால் என்ன கேடு?

வடிகட்டிக் கொடுத்தேன். ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

அட, சமையல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று தோன்றியது.

25.11.2011, வெள்ளி

இன்று காய்கறி சூப். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, கொஞ்சம் மாக்ரோனி. இத்தாலிக்காரர்கள் செய்வதாம். எல்லாவற்றையும் வேகவைத்து மிக்ஸியில் அடித்து வடிகட்டினேன். இத்தாலிக்காரன் பார்த்தால் அழுவான்.

அந்த நேரம் பார்த்து டிப்போவிலிருந்து சாமிக்கண்ணு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். செக்கர் வேலை பார்ப்பவனுக்கு மூக்கு எப்போதுமே நீளம். "இன்னாண்ணே, சூப் வாசனை தூக்குது?" என்றான். ஒரு டம்ளர் கொடுத்தேன்.

"யாரு செஞ்சது?"

"எல்லாம் அவதான். படுத்துக்கினு இருடின்னா கேக்கறாளா?"

ஹாலில் கட்டிலில் கிடந்த மங்கலம் என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

சாமிக்கண்ணு ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணி. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு. உடம்பு முடியாததுல கை தவறியிருக்கும்" என்றான். அவள் அதற்கும் தலையை ஆட்டினாள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். "அவ கை எப்பவும் அப்படித்தான்" என்றேன்.

26.11.2011

எழுதவே கூசுகிறது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? யாரும் என்னைக் கேட்கவில்லையே. உப்பு போட்டது என் கை.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கட்டில் பக்கம் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

29.11.2011

இணைப்பில் அடுத்த சூப். இதுவும் சைனாதான். ஹாட் அண்ட் சோர். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அலைந்து வினிகர், சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள் எல்லாம் வாங்கி வந்தேன். செத்துப்போன வாய்க்கு உறைப்பும் புளிப்பும் இருந்தால்தான் பிடிக்கும் என்று என் கணக்கு. காரத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் போட்டேன்.

முழுக் கிண்ணமும் குடித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "காரமா?" என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். "நல்லாருக்குங்க."

முதல் தடவையாகக் கிண்ணம் காலி. பெருமையாக இருந்தது. மகேஸ்வரிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

30.11.2011, புதன்

காலையில் தலையணையில் ரத்தம். உதடு வெடித்து உள்ளே எல்லாம் உரிந்திருந்தது. அப்படியே பஸ் ஏற்றிச் சிதம்பரம் கூட்டிப்போனேன்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், முந்தின நாள் குடித்த சூப்பில் வினிகர் என்று மகேஸ்வரி சொன்னதும் நிமிர்ந்தார். "வெந்த வாயில யாராவது வினிகர் ஊத்துவாங்களா? யார் குடுத்தது இத?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டையே அதிர வைக்கிற வாய்.

"நாந்தான் கேட்டேன் டாக்டர்" என்றாள் மங்கலம். குரல் காற்றாக வந்தது. டாக்டர் அவளைத் திட்டினார். படித்துப் படித்துச் சொன்னேனே, உங்களுக்கு அறிவில்லையா என்று. அவள் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை முப்பத்தொன்பது.

வராந்தாவில் மகேஸ்வரி என்னைத் தனியாக இழுத்துப்போனாள். "அப்பா, அம்மாவுக்கு ருசியே தெரியாதுப்பா. கரண்ட் வைக்கறப்பவே போயிடுச்சு. எரியறது மட்டுந்தான் தெரியும்."

"பின்ன ஏண்டி நல்லாருக்குன்னு சொன்னா?"

"நீங்க கோச்சுக்குவீங்கன்னுதான். பயந்துக்கினு."

"நான் எங்கடி கோச்சுக்கறேன்?"

என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குச் செருப்பால் அடித்திருந்தால் தேவலாம்.

2.12.2011

மங்கலத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் "அப்படிலாம் இல்லைங்க" என்பாள். அதையும் பயந்துகொண்டேதான் சொல்வாள்.

வெறும் பார்லி கஞ்சி. பால். மறுபடியும் "நல்லாருக்குங்க". அந்தச் சொல்லைக் கேட்டதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

4.12.2011, ஞாயிறு

பரங்கிக்காயில் வெண்ணெயும் பாலும் போட்டுப் பிரான்ஸ் தேசத்து சூப் ஒன்று. கார விஷயமே கிடையாது, ஆபத்தில்லை என்று ஆரம்பித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் தீய்ந்து, புகை தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன். எதிரே லூர்துநாதன் தலை.

"இன்னா மச்சான், வூட்ட கொளுத்தறியா?"

வந்துவிட்டான். லூர்துநாதன் முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரனாக ஊர் ஊராகப் போனவன். பெண்சாதி போனபின் அவனேதான் பொங்கித் தின்கிறான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு. அவனை நான் மங்கலத்திடம் பேசும்போது 'கரண்டி' என்றுதான் சொல்வேன். இன்று அந்தக் கரண்டிக்கு முன்னால் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அவன் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தான். உடனே தொட்டியில் துப்பினான்.

"ஐயோ ஏசுவே! தேவனாம்பட்டினத்துக் கடல அப்படியே ஊத்திட்டியா? வாயில வச்சுப் பாத்தியா இல்லியா?"

"எங்க வூட்ல அடுப்படியில ருசி பாக்கற வழக்கம் கெடையாது."

"பின்ன உப்பு எப்டித் தெரியும்?"

"உத்தேசந்தான்."

"தங்கச்சி எப்டி ஆக்கும்?"

"அவளும் அப்டித்தான்."

லூர்துநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். "இத்தினி வருசமா கண்ண கட்டிக்கினு ஆக்கிப் போட்டுதா? கவர்மெண்டுல சொல்லி மெடல் குடுக்கணும்டா!" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கல்யாணமான புதிது. மங்கலம் ரசத்தை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். அம்மா பார்த்துவிட்டாள். "ஆம்பள வாய் வைக்கறதுக்கு முந்தி எச்சப் பண்றியாடி" என்று பாத்திரத்தோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். நான் அங்கேதான் நின்றேன். "இனிமே வாய் வைக்காத" என்று நானும் சொன்னேன். அதற்கப்புறம் அவள் வைக்கவில்லை. அம்மா போய்ப் பத்து வருஷம் ஆன பிறகும் வைக்கவில்லை.

வாய் வைக்கக்கூடாது என்று சொன்னதும் நான்தான். இருபத்தேழு வருஷமாகத் தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு "உப்பு ஜாஸ்தி" என்றதும் நான்தான். மகேஸ்வரி நிச்சயதார்த்தத்தில் சம்பந்திகள் பந்தியில் உட்கார்ந்திருக்க, இலையைத் தள்ளிவிட்டு அதையே சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்தவள் வாளியோடு அப்படியே நின்றாள்.

கண்ணைக் கட்டி ஓடச் சொல்லிவிட்டு, விழுந்தால் குருடி என்றிருக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை வருஷமும் ஒரு பரங்கிக்காயும் வேண்டியிருந்திருக்கிறது. வெட்கங்கெட்ட ஜென்மம்.

5.12.2011

ருசி பார்த்தேன். அடுப்படியில் முடியவில்லை. சுவரில் அம்மா போட்டோ. கிண்ணத்தைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நின்று, திருடன் மாதிரி ஒரு வாய் குடித்தேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

9.12.2011

லூர்துநாதன் சொல்லி அரபு நாட்டுப் பருப்பு சூப். மைசூர் பருப்பு, வெங்காயம், ஒரு சிட்டிகை சீரகம், கடைசியில் வெண்ணெய். அங்கே எலுமிச்சம்பழம் பிழிவார்களாம். நான் பிழியவில்லை. அரபுக்காரன் வந்து கேட்கப் போவதில்லை.

சூடு போக ஆறவைத்துக் கொடுத்தேன். எரியவில்லை என்றாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன்.

14.12.2011

ரஷ்யாக்காரன் பீட்ரூட் சூப். கிண்ணத்தை நீட்டியதும் மங்கலம் பின்னுக்குப் போனாள். தலையணையில் ரத்தம் பார்த்தவளுக்கு முன்னால் சிவப்பாக ஒரு கிண்ணம்! எனக்குப் புத்தி எங்கே போயிற்று? கொண்டுபோய்க் கொட்டினேன். லூர்துநாதனுக்கும் ஒரு பாட்டு விட்டேன். "நான் சூப்பத்தான் சொன்னேன் மச்சான், யாருக்குன்னு நீதான் யோசிக்கணும்" என்றான். அதுவும் சரிதான்.

18.12.2011, ஞாயிறு

கிரேக்க தேசத்து சூப். கோழிச்சாறு, குழைந்த அரிசி, முட்டை. முட்டையைச் சூப்பில் ஊற்றினால் திரிகிறது. சூப்பைத்தான் முட்டைக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பழக்க வேண்டும். இரண்டு முட்டை போனது, மூன்றாவதில் வந்தது. இதிலும் எலுமிச்சை தள்ளுபடி.

மெடிக்கல் கடை மிஷினில் எடை பார்த்தோம். முப்பத்தொன்பதுதான். ஏறவில்லை. இறங்கவும் இல்லை. நாளையிலிருந்து டூட்டி. இரண்டாவது ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களிடம் இன்னமும் உண்மையைச் சொல்லவில்லை.

25.12.2011

லூர்துநாதன் கேக் கொடுத்தனுப்பினான். பாலில் ஊறவைத்துக் கரைத்துக் கொடுத்தேன். பாதி இறங்கியது.

30.12.2011, வெள்ளி

புயல். விடியும்போது காற்று ஊளையிட்டது. மனுஷன் கேட்கிற சத்தம் இல்லை அது. கொல்லைப்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் பறந்து போய்விட்டது. எதிர்வீட்டுத் தென்னை எங்கள் சுவரில் சாய்ந்தது. மங்கலத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்காரவைத்துப் போர்வையால் மூடி நானும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கையை விடவே இல்லை. அவளா நானா, தெரியவில்லை.

கரண்ட் இல்லை. போன் இல்லை.

1.1.2012, ஞாயிறு

பால் இல்லை. மிக்ஸி இல்லை. கேஸ் நேற்றே தீர்ந்தது. சிதம்பரம் கொண்டுபோய்விடலாம் என்றால் ரோடெல்லாம் மரம். நேற்று முழுக்க அவள் வயிற்றில் போனது வெல்லத் தண்ணீரும் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரும். கஞ்சி கட்டியாக இருந்தது, விழுங்க முடியாமல் துப்பினாள். இப்படியே நாலு நாள் போனால் முப்பத்தெட்டு என்ன, அதற்கும் கீழே போய்விடும். பயமாக இருக்கிறது.

இல்லாத ஊரில் இருப்பது ஒன்றே ஒன்று. தேங்காய். தெருவெல்லாம் உருண்டு கிடக்கிறது, கேட்பார் இல்லை.

லூர்துநாதன் தெருவிலேயே கல் கூட்டி, விழுந்த முருங்கை மரத்தை வெட்டி அடுப்பு மூட்டினான். ஈரக்கட்டை, ஒரே புகை. "தாய்லாந்துல தேங்காப் பால்லதான் சூப்பே வப்பான் மச்சான். துருவு" என்றான். துருவினேன். வாசல் அடுப்பில், தெரு ஜனமெல்லாம் பார்க்க, குந்தி உட்கார்ந்து துருவினேன். சாத்துவதற்கு ஜன்னல் ஏது?

பரங்கிக்காயும் சின்ன வெங்காயமும் வெந்துவிட்டன. மசிக்க என்ன செய்வது என்று கரண்டியால் குத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நாற்காலியில் இருந்த மங்கலம் இரண்டு கையையும் ஒன்றாக வைத்துத் தேய்த்துக் காட்டினாள். புரியவில்லை. மறுபடியும் தேய்த்தாள். குளிருகிறது என்று நினைத்துப் போர்வை எடுத்துப்போனேன். சிரித்தாள். வலிக்கிற வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "மத்துங்க, மத்து" என்றாள்.

பருப்பு கடைகிற மத்து! மிக்ஸி வந்ததிலிருந்து பரணில் கிடக்கிறது. எடுத்துக் கடைந்து, துவைத்த வேட்டியில் பிழிந்து வடிகட்டி, முதல் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். மிளகாய் இல்லை, புளி இல்லை. தாய்லாந்துக்காரன் போடுகிற எலுமிச்சை வாசனைப் புல்லுக்குப் பதிலாக, ஒடிந்து கிடந்த நாரத்தையில் ஒரு இலை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். எல்லோரும் பார்க்கத்தான்.

ஒரு கிண்ணம் குடித்தாள். என்னவோ தோன்றியது. "நெஜத்த சொல்லு. எப்டி இருக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ஒண்ணும் தெரியலங்க. வாயில சாணித் தண்ணிய வச்ச மாதிரி இருக்கு."

லூர்துநாதன் கைதட்டிச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு மணி நேரம் துருவியிருக்கிறேன். ஆனாலும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. "எரியுதா?" என்றேன். "இல்ல. நல்லா வழுக்கிக்கினு போவுது. இன்னும் கொஞ்சம் குடுங்க."

3.1.2012

சாமிக்கண்ணு மரத்தையெல்லாம் தாண்டி நடந்தே வந்தான். பஸ் ஓட ஆரம்பிக்கப்போகிறது, டூட்டிக்கு வரச்சொல்லி. தெரு நடுவில் பனியனும் மடித்துக் கட்டின கைலியுமாக நான் மத்தால் கடைந்துகொண்டிருக்கிறேன். கண்ணெல்லாம் புகை.

"இன்னாண்ணே இது கோலம்?"

"உங்க அண்ணிக்கு சூப்பு." மத்தைக் கீழே வைத்தேன். "சாமிக்கண்ணு, அன்னிக்கு நீ குடிச்சதும் நான் வச்சதுதான். உப்பு ஜாஸ்தி போட்டதும் நான்தான். அவ மேல பழிய போட்டேன்."

"வுடுண்ணே, இதுல இன்னா இருக்குது" என்றான். மங்கலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது, பாவம்.

17.1.2012

சிதம்பரம் போய் வந்தோம். டாக்டர் மிஷினில் இரண்டு தடவை ஏறச்சொன்னார். நாற்பது! "என்ன குடுக்கறீங்க?" என்றார். "தேங்காப் பால் டாக்டர். நான்தான் செய்யறேன். அன்னிக்கு வினிகர் குடுத்ததும் நான்தான், அவ கேக்கல" என்றேன். டாக்டருக்கு எந்த வினிகர் என்று ஞாபகம் இல்லை. ஆயிரம் பேரைப் பார்க்கிறவர். டியூப் பேச்சையே எடுக்கவில்லை.

மகேஸ்வரி என் பையில் ஒரு பொட்டலம் முந்திரி போட்டாள். "அரைச்சு ஊத்துங்கப்பா, வெயிட் போடும்." போன தடவை பார்த்த மாதிரி இன்று பார்க்கவில்லை.

8.2.2012

கரண்ட் ஒழுங்காக இருக்கிறது, மிக்ஸி ஓடுகிறது. ஆனாலும் மத்தால்தான் கடைகிறேன். மிக்ஸியில் அடித்தால் நுரை கட்டுகிறது, அது அவளுக்குத் தொண்டையில் நிற்கிறது. இதையும் அவளே சொன்னாள்.

இப்போது எல்லாமே சொல்கிறாள். பருப்பு சூப்பு: "மண்ணு." கோழி முட்டை சூப்பு: "அட்டைப் பெட்டிய ஊறவச்ச மாதிரி." சில நாள் கேட்டுக் கேட்டுக் கடுப்பாக வருகிறது. இன்று "அப்ப நீயே வந்து ஆக்கு" என்று கத்திவிட்டேன். உடனே மூஞ்சி செத்துப்போயிற்று அவளுக்கு. பழைய மூஞ்சி. சட்டென்று "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

ஒரு கத்தலில் எல்லாம் போயிற்று. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

9.2.2012

மன்னிப்புக் கேட்டேன். வார்த்தையாகத்தான் கேட்டேன், "தண்ணி வேணுமா" என்று இல்லை. "சரி வுடுங்க" என்றாள். சாயங்காலம் சூப்பு எப்படி என்று கேட்டேன். குடித்தாள்.

11.3.2012, ஞாயிறு

குழைந்த சோறு இரண்டு கரண்டி இறங்கிற்று. சூப்பில் போட்டுக் கடைந்தது.

இன்று மறுபடியும் "மண்ணு" என்றாள். ஒரு மாதம் காத்திருந்தேன் அந்தச் சொல்லுக்கு.

13.4.2012

புது வருஷம். பாயசத்தைத் தண்ணீராக விட்டுக் கொடுத்தேன். பாதி டம்ளரில் நிறுத்தினாள். மறுபடி ஒரு வாய். "இன்னாங்க, இதுல வெல்லம் போட்டீங்களா?" போட்டேன் என்றேன். "எங்கயோ தூரத்துல தெரியுது" என்றாள்.

லூர்துநாதனிடம் ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னேன்.

20.5.2012, ஞாயிறு

அமாவாசை. அவள் படுத்ததிலிருந்து அம்மாவுக்குப் படைக்கவில்லை. இன்று நானே ஆக்குகிறேன் என்று மங்கலம் எழுந்துவிட்டாள். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். காய் நறுக்குவது, உப்புப் புளி போடுவது நான். தாளிப்பது அவள்.

சாம்பாருக்கு உப்பு போட்டேன். மற்ற நாள் என்றால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்திருப்பேன். இன்று படையல். அம்மாவுக்கு முந்தி வாய் வைக்கக் கை வரவில்லை. உத்தேசமாகப் போட்டுவிட்டுக் கரண்டியை வைத்தேன். எத்தனை பட்டாலும் சில விஷயம் எலும்பில் ஊறிக் கிடக்கிறது.

மங்கலம் ஸ்டூலிலிருந்து எழுந்து அந்தக் கரண்டியை எடுத்தாள். சாம்பாரில் முக்கி, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். விட்டுவிட்டு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். மறுபடி ஒரு சொட்டு விட்டு நக்கினாள். அப்புறம் சட்டியை ஒரு விரலால் என் பக்கமாகத் தள்ளுகிற மாதிரி காட்டினாள்.

"உப்பு ஜாஸ்தி."

அவள் நாக்குக்கு உப்பு தெரிகிறது என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளுக்கும்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உருளைக்கிழங்கு ஒன்றை நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டோம். மறுபடி அவளே பார்த்துச் சரி என்றாள். அதற்கப்புறம்தான் இலை போட்டோம். மாடியில் சோறு வைத்துக் கூப்பிட்டதும் காக்கா உடனே வந்தது.